கூண்டில் முகம் கொடுக்காத நாயை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வியின் சாரம் இது. சென்னைக் காப்பகம் ஒன்றில் சுமார் நான்கு வயதுள்ள பெண் நாட்டு நாய் இருக்கிறாள். செம்பி என்று பெயர். கார் மோதியதில் பின்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஓராண்டுக்கு மேலாகியும் யாரும் தத்தெடுக்கவில்லை. நீங்கள் குடும்பத்தோடு பார்க்கப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீட்டிய பிஸ்கட்டையும் தொடவில்லை. "ரொம்ப சாது, தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்கிறார் அங்குள்ள தன்னார்வலர். உங்கள் வீட்டில் ஒன்பது வயது மகன், எழுபதைத் தாண்டிய மாமியார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி. அவள் குணத்தை எப்படித் தெரிந்துகொள்வது, எங்களுக்கு ஒத்துவருவாளா, தீபாவளிக்கு முன்பே அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காப்பக நாய்களுக்கு வீடு தேடும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒத்துவர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கூண்டுக்கு வெளியே நின்று பார்த்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாயின் குணம் அது வாழும் இடத்தோடும் அதன் அன்றாடத்தோடும் சேர்ந்துதான் வெளிப்படும். செம்பி எப்படிப்பட்டவள் என்பதற்கான விடையில் பாதி உங்கள் வீட்டில்தான் கிடைக்கும். மீதிப் பாதியைக் காப்பகத்திலேயே தெரிந்துகொள்ளலாம், சரியான ஆளிடம் சரியானதைக் கேட்டால்.

முதலில் அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு. பொது மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் ஒருவரை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, இவர் சிரித்துப் பேசுகிறவரா, சிடுமூஞ்சியா என்று முடிவு கட்ட முடியுமா? கூண்டும் அப்படித்தான். இரவு பகலாகக் குரைப்புச் சத்தம், பினாயில் வாசனை, நாளுக்கொரு புது நாய், தினமும் வந்து உற்றுப் பார்த்துவிட்டுப் போகும் அந்நியர்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னெஸ்ஸியின் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் வீட்டு நாய்களைவிட மிக அதிகமாக இருந்தது தெரியவந்தது. நாள் ஆக ஆக அந்த அளவு இறங்கும். ஆனால் அது இறங்கியதாலேயே நாய் நிம்மதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில நாய்கள் கம்பியில் ஏறிக் குதித்து அழுத்தத்தைக் காட்டும். சில நாய்கள் தங்களுக்குள் ஒடுங்கிவிடும். பக்கத்துக் கூண்டில் குதித்த நாயை "பாசமான நாய்" என்றும், செம்பியை "ஒட்டாத நாய்" என்றும் பார்க்க வருகிறவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டு நாய்களுமே ஒரே துன்பத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

இந்தத் தவறான கணக்கு நாய்களின் தலைவிதியையே தீர்மானிக்கிறது. ஃப்ளோரிடாவில் அலெக்ஸாண்ட்ரா புரோட்டோபோபோவாவும் கிளைவ் வின்னும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தத்தெடுக்க வந்தவர்கள் ஒரு நாயோடு சராசரியாக எட்டு நிமிடம்தான் செலவிட்டார்கள். நாய் என்னென்னவோ செய்தாலும், முடிவோடு தொடர்புடையதாகத் தெரிந்தவை இரண்டே: வந்தவர் விளையாடக் கூப்பிட்டபோது நாய் கண்டுகொள்ளாமல் இருந்ததா, அவர் அருகில் வந்து படுத்ததா. முதலாவதைச் செய்த நாய்கள் பெரும்பாலும் அங்கேயே தங்கின. இரண்டாவதைச் செய்தவை வீட்டுக்குப் போயின. இதில் செம்பி எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரியும். அவள் ஓராண்டாக அங்கே இருப்பதற்கு அவளிடம் பெரிய குறை ஏதும் இருக்க வேண்டியதில்லை. நாட்டு நாய், வளர்ந்த நாய், மூன்று கால், கூடவே அந்த எட்டு நிமிடத்தில் முகம் கொடுக்காத சுபாவம். லேப்ரடார் குட்டி இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் போவதற்கு இது போதும்.

அப்படியானால் காப்பகத்திலேயே முறையான சோதனை வைத்துக் குணத்தை அளக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். மேலைநாடுகளில் வெகுகாலம் அதைத்தான் செய்தார்கள். நாய் சாப்பிடும்போது குச்சியில் பொருத்திய ரப்பர் கையைத் தட்டுக்குள் நீட்டுவது, பொம்மைக் குழந்தையைக் காட்டுவது, முன்பின் தெரியாதவரை நெருங்கவிடுவது என்று வரிசையாகச் சோதனைகள். உறுமினால் தோல்வி, தோற்ற பல நாய்கள் கொல்லப்பட்டன. 2016-ல் கேரி பேட்ரனெக்கும் ஜானிஸ் பிராட்லியும் இந்தச் சோதனைகளின் நம்பகத்தன்மையைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட இவை மேலானவை அல்ல என்று எழுதினார்கள். காரணம் எளிது. உண்மையிலேயே ஆபத்தான நாய்கள் மிகக் குறைவு. அப்படி இருக்கையில், ஓரளவு துல்லியமான சோதனைகூட, ஆபத்து என்று சுட்டும் நாய்களில் பெரும்பகுதியைத் தவறாகத்தான் சுட்டும். சாப்பாட்டுத் தட்டைக் காக்கும் குணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனில் ஏமி மார்டர் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்தில் தட்டருகே உறுமிய நாய்களில் ஏறக்குறைய பாதிதான் புதிய வீட்டில் அதைச் செய்தன. காப்பகத்தில் உறுமாதவற்றில் சில வீட்டுக்குப் போன பின் உறுமத் தொடங்கின. நாலு நாய் ஒரு தட்டுக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில் உறுமாமல் எப்படி இருக்கும்?

ஆகவே "சாது" என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அந்தத் தன்னார்வலர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவள் எப்படியாவது ஒரு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற ஏக்கத்தில் வரும் சொல் அது. ஆனால் அந்தச் சொல்லால் உங்களுக்கும் பயனில்லை, அவளுக்கும் பயனில்லை. நீங்கள் தேடிப்போய்ப் பேச வேண்டியது தினமும் கூண்டு கழுவி, சோறு வைத்து, காயத்துக்கு மருந்து போடுகிறவரிடம். வார இறுதியில் வருகிறவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அவரிடம் "நல்ல நாயா?" என்று கேட்டால் "நல்ல நாய்தான்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். காலையில் நீங்கள் கதவைத் திறந்ததும் என்ன செய்வாள்? சாப்பிடும்போது தட்டை நகர்த்தினால்? ஊசி போடும்போது வாயைக் கட்ட வேண்டியிருந்ததா? யாரையாவது கடித்திருக்கிறாளா, கடித்தபோது என்ன நடந்துகொண்டிருந்தது? வேறு நாயோடு ஒரே கூண்டில் இருந்திருக்கிறாளா? ஆண்களைக் கண்டால் ஒரு மாதிரி, பெண்களைக் கண்டால் வேறு மாதிரி நடந்துகொள்கிறாளா? துடைப்பத்தையோ குச்சியையோ கையில் எடுத்தால்? பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்த நாளில் எப்படி இருந்தாள்? வீட்டின் முடிவு இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. கடித்திருக்கிறாள் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். அடிபட்ட காலைத் தொட்டபோது கடிப்பதும், சும்மா கடந்து போனவரைத் துரத்திக் கடிப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றை எல்லாவற்றுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும், பலரும் விட்டுவிடுகிறார்கள். அமைதியாகக் கிடக்கும் நாய் நோயாளியாகவும் இருக்கலாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணம். எர்லிக்கியா கிருமி ரத்தத்தில் இருக்கும் நாய் வெளிப்பார்வைக்குச் சாதுவாகத் தெரியும். சோர்ந்திருக்கும், சாப்பிட மறுக்கும். பிளேட்லெட் எண்ணிக்கையோடு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். டாக்சிசைக்ளின் மாத்திரை சுமார் நான்கு வாரம் கொடுப்பார்கள். செம்பி பிஸ்கட்டைத் தொடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், பல்வலியும் காரணமாக இருக்கலாம். கால் எடுத்த நாய்க்கு இடுப்பிலும் முதுகிலும் வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். வலியோடு இருக்கும் நாயின் குணம் என்று நாம் நினைப்பது பாதிக்குப் பாதி வலிதான். சாதுவாக இருந்தவள் உடம்பு தேறியதும் வீடு முழுக்க ஓடி ஆடினால் அதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள். முதலில் ஒருவர் மட்டும், பார்வையாளர் நெரிசல் இல்லாத நேரத்தில். கூண்டுக்குள்ளேயோ, முடிந்தால் வெளியே ஒரு மரத்தடியிலோ, அவளுக்குப் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணோடு கண் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம், செல்லப் பேச்சும் வேண்டாம். வேகவைத்த கோழித்துண்டை உங்களுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவள் உடம்பைப் படியுங்கள். கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, வாலை அடிவயிற்றில் ஒட்டிக்கொள்வது எல்லாம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதன் அடையாளம். உடம்பு மரக்கட்டையாக உறைந்து, வாய் மூடி, மூச்சும் நின்றது போல் ஆனால் உடனே பின்வாங்கிவிடுங்கள். உறுமலுக்கும் கடிக்கும் முந்தைய படி அது. காது தளர்வது, உடம்பை உதறிக்கொள்வது, உங்கள் முதுகுப்பக்கமாக வந்து மோந்து பார்ப்பது நல்ல சகுனம். முதல் நாளில் இவ்வளவுதான் நடக்கும். இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் அவள் உங்களை அடையாளம் கண்டு காதையாவது அசைக்கிறாளா என்று பாருங்கள். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற நாய்க்கு எதிர்காலம் உண்டு. எத்தனை முறை போனாலும் அதே இடத்தில் அதே நடுக்கத்தோடு இருந்தால், பிள்ளைகளும் விருந்தாளிகளும் வந்துபோகும் வீட்டுக்கு அவளை அழைத்துப் போவது அவளுக்கே கொடுமை. ஆள் நடமாட்டம் குறைந்த வீடு அவளுக்குத் தேவைப்படும்.

நாட்டு நாய் மனிதரிடம் ஒட்டாது, நன்றாகப் பழகாது என்ற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்கு மனம் வலிக்கும். கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்னும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்குழு தெருநாய்களைத் தெருவிலேயே வைத்துப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறது. முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து சாப்பாடு கொடுப்பதைவிட, வந்து தடவிக் கொடுப்பது அவரிடம் நாய்க்கு அதிக நம்பிக்கையை உண்டாக்குகிறது என்று 2017-ல் அவர்கள் எழுதினார்கள். 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில், அவர்கள் பின்தொடர்ந்த 364 தெருக்குட்டிகளில் ஏழு மாதத்தைத் தாண்டியவை 19 சதவீதம்தான். இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு விதத்தில் மனிதர்களே காரணம். ஏறக்குறைய மூன்று வயது வரை தெருவில் வாழ்ந்த நாய் இத்தனையையும் தாண்டி வந்தவள். யாரை நம்பலாம், யாரிடமிருந்து விலக வேண்டும், எந்த வண்டி எப்போது திரும்பும் என்று கணக்குப் போட்டே பிழைத்தவள். அவள் உங்களையும் கணக்குப் போடத்தான் செய்வாள். அதற்கு எட்டு நிமிடம் போதாது.

வளர்ந்த நாயை எடுப்பதில் ஒரு நல்லதும் உண்டு. குட்டிக்கு மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை உள்ள காலத்தில்தான் உலகத்தின் மீதான நம்பிக்கை வேர்விடுகிறது. அந்தக் குட்டி பெரிதானதும் எப்படி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நான்கு வயது நாயிடம் வளர்ந்து முடிந்த உடம்பும், நிலைபெற்ற சுபாவமும் இருக்கும். பயம் படிந்து அதை மறைத்திருக்கலாம், அவ்வளவுதான். மலஜலப் பழக்கத்தையும் பல தெருநாய்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. படுக்கிற இடத்தை அசுத்தம் செய்ய அவை விரும்புவதில்லை. அவளுக்குப் புதிதாக இருக்கப்போவது வேறு: மூடிய கதவு, மின்விசிறி, குக்கர் விசில், டிவியிலிருந்து வரும் குரல்கள், வழுக்கும் டைல்ஸ் தரை.

இனி உங்கள் வீடு. எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு மாடிப் படிக்கட்டு. பொதுவாக மூன்று கால் நாய்கள் நாம் பயப்படுவதைவிட நன்றாகவே ஓடியாடும். நாயின் எடையில் பெரும்பங்கை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன என்பதால், பின்னங்கால் போனது முன்னங்கால் போனதைவிட எளிது. ஆனால் படி ஏறும்போது உடம்பை மேலே தள்ளுவது பின்னங்கால்தான். நாளைக்கு மூன்று நான்கு தடவை இரண்டு மாடி ஏறுவது வருடக்கணக்கில் மீதமுள்ள அந்த ஒரு பின்னங்காலைத் தேய்த்துவிடும். கைப்பிடி வைத்த ஹார்னஸ் (மார்பையும் உடம்பையும் சுற்றி மாட்டும் பட்டை) வாங்கி, ஏறும்போது தூக்கிவிட ஒருவர் வேண்டும். நாட்டு நாய் பதினைந்து, இருபது கிலோ இருக்கும். நீங்களும் உங்கள் கணவரும் வேலைக்குப் போன பிறகு பகலில் அவளை யார் இறக்கி ஏற்றுவது? மாமியாரால் முடியாது, முயலவும் விடக்கூடாது. இந்த ஒரு கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவையே. மொட்டைமாடியோ, பால்கனியில் ஒரு மூலையோ பகல் நேரத்துக்குப் பழக்க முடியுமா என்று யோசியுங்கள். எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் நகத்தை வெட்டி வைப்பதும் அவளுக்கு மருந்துக்குச் சமம். அவள் நடக்கும் பாதையில் டைல்ஸ் மீது ரப்பர் அடி வைத்த மிதியடிகளைத் தொடர்ச்சியாகப் போடுங்கள். மாமியார் தடுக்கி விழாதபடி ஓரம் மடங்காத மிதியடியாகப் பாருங்கள்.

ஒன்பது வயது நல்ல வயது. சொன்னால் புரியும், பொறுப்பும் எடுத்துக்கொள்வான். நாய்க்குச் சொல்லித் தருவதற்கு முன்பு மகனுக்குச் சொல்லுங்கள்: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, அவள் மூலைக்குப் போய்விட்டால் பின்தொடரக் கூடாது, அவள் தானாக வந்தால் மார்பையோ முதுகையோ தடவலாம், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகக் கூடாது. முதல் சில மாதங்களுக்கு இருவரையும் ஓர் அறையில் தனியே விடவே வேண்டாம். மாமியாருக்கு நாய் என்றால் விருப்பமா, சகிப்பா, பயமா என்று அவரிடமே மனம்விட்டுக் கேளுங்கள். பகல் முழுவதும் அந்த நாயோடு இருக்கப்போகிறவர் அவர்தான். அவருக்கு மனமில்லாமல் அழைத்து வந்தால் இரண்டு உயிருக்கும் நிம்மதி போய்விடும். நான் பார்த்தவரை, பல வீடுகளில் இப்படிப்பட்ட நாய் கடைசியில் போய்ப் படுத்துக்கொள்வது ஓடியாடாமல் ஒரே இடத்தில் இருக்கும் பெரியவர்களின் காலடியில்தான். ஆனால் அதை நம்பி அவரை வற்புறுத்தாதீர்கள்.

இவ்வளவு கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை தரும் வழி ஒன்று உண்டு: ஃபாஸ்டர். நிரந்தரமாகத் தத்தெடுக்கிறோம் என்று கையெழுத்துப் போடாமல், சில வாரங்களுக்கு வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். லிசா கன்டரின் குழு அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களின் நாய்களை வைத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கினாலே நாயின் கார்டிசால் அளவு இறங்கியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்குப் போனது, அதைவிட மோசமாகவில்லை. அதனால், "எடுத்துட்டுப் போய்த் திருப்பி விட்டா மனசு உடைஞ்சு போயிடும்" என்று தயங்க வேண்டாம். உங்களுக்கு ஒத்துவராமல் போனாலும், அந்தச் சில வாரங்களில் நீங்கள் எழுதித் தரும் குறிப்பு அவளுக்கு அடுத்த வீட்டைத் தேடித் தரும்.

எப்படிப்பட்ட குறிப்பு? காப்பகங்கள் போடும் அறிவிப்புகளில் "அன்பான நாய், வீடு தேவை" என்று ஒரு வரியும், கம்பிக்குப் பின்னால் எடுத்த மங்கலான படமும் இருக்கும். அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றாது. செம்பியைப் பற்றி இப்படி எழுதினால் என்ன: "நான்கு வயது. கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசி போட்டாயிற்று. வலது பின்னங்கால் இல்லை. சமதரையில் தடையில்லாமல் ஓடுவாள், மாடிப்படி சிரமம். புதியவர்களிடம் பழக ஒரு வாரம் எடுத்துக்கொள்வாள், பழகிய பிறகு கூடவே இருப்பாள். துடைப்பத்தைக் கண்டால் பயம். மற்றப் பெண் நாய்களோடு ஒத்துப்போக மாட்டாள். தரைத்தளம் அல்லது லிஃப்ட் உள்ள வீடு, பகலில் ஆள் இருக்கும் குடும்பம் விரும்பத்தக்கது." இதில் சில விவரம் நான் உதாரணத்துக்குச் சேர்த்தவை, அவற்றின் இடத்தில் நீங்கள் கண்ணால் கண்டதை எழுத வேண்டும். குறையைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். வருகிற பத்துப் பேர் மூன்றாகக் குறைவார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த மூன்று பேர் திருப்பிக் கொண்டுவந்து விடமாட்டார்கள். படமும் கூண்டுக்கு வெளியே, காலை வெயிலில், அவள் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து எடுத்ததாக இருக்கட்டும். மூன்று கால் தெரியும்படியே எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் நாட்களில் நடக்கும் பெரிய விபத்து கடி அல்ல, ஓட்டம். புது இடத்தில் கதவு ஓர் அடி திறந்திருந்தாலும் பயந்த நாய் பாய்ந்துவிடும். பிறகு தெரியாத தெருவில் அவளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்பே காலரும் ஹார்னஸும் இரண்டும் போட்டு, இரண்டிலும் லீஷ் மாட்டி, காலரில் உங்கள் கைபேசி எண்ணைத் தொங்கவிடுங்கள். வீட்டில் ஒரு மூலையை அவளுக்கென்று ஒதுக்கி, காப்பகத்தில் தின்ற அதே சாப்பாட்டையே முதல் சில நாள் கொடுங்கள். சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்ட வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்துக்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: மூன்று நாளில் திகைப்பு அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் இடம் என்று தோன்றும். அனுபவக் கணக்குதான், ஆனால் முதல் வாரத்திலேயே மனம் தளர்ந்துவிடாமல் இருக்க உதவும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அதுவரை இல்லாத குரைப்பும் பிடிவாதமும் தலைகாட்டினால் பயப்படாதீர்கள். ஒடுங்கியிருந்தவள் வெளியே வருகிறாள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனவள் என்று அடையாளம். ஆனாலும் தடுப்பூசிப் புத்தகத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதியை நீங்களே பார்த்து, வருடந்தோறும் போடுங்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், விண்ணப்பம் இணையத்திலேயே செய்யலாம். குடியிருப்பு நலச்சங்கம் நாய் வளர்க்கக் கூடாது என்று பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுத் தடுக்க முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று நடத்திய வாரியம் அது. சென்னையில்தான் வெகுகாலம் இயங்கியது. அதற்காக அயலாரிடம் சட்டம் பேசிக்கொண்டு போகாதீர்கள். அழைத்து வருவதற்கு முன்பே கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், முதல் இரவு அவள் ஊளையிட்டாலும் பொறுத்துக்கொள்வார்.

ஒத்துவராவிட்டால் காப்பகம் திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூன்று காலோடு, ஓராண்டு தெருவை விட்டு விலகியிருந்தவளை அங்கே இருக்கும் நாய்கள் ஏற்காது. வளர்த்த விலங்கைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று அந்தக் காலத்தில் எழுதியது, இன்னும் அப்படியே நிற்கிறது. அதனால்தான் இத்தனை லேப்ரடார்களும் ஹஸ்கிகளும் காப்பக வாசலில் இரவோடு இரவாகக் கட்டிப்போடப்படுகின்றன.

கடைசியாகத் தீபாவளி. அதற்கு முன்பு அழைத்து வர வேண்டாம். பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று தமிழக அரசு நேரம் வகுத்திருந்தாலும், ஒரு வாரம் முன்பே தெருவில் வெடிக்கத் தொடங்கிவிடுவார்கள். புது வீடு, புது மனிதர்கள், அதோடு வெடிச்சத்தமும் சேர்ந்தால் இந்த வீடே ஆபத்தான இடம் என்று அவள் மனத்தில் பதிந்துவிடும். காப்பகத்திலும் சத்தம் கேட்கும்தான், ஆனால் அது அவளுக்குப் பழகிய மூலை. இடையில் இருக்கும் வாரங்களில் வாரம் ஒருமுறையாவது போய்வாருங்கள். ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், ஹார்னஸைப் போட்டுப் பழக்குங்கள், மூன்றாவது நான்காவது தடவை மகனையும் பிறகு மாமியாரையும் அழைத்துப் போங்கள். பகலில் படி இறக்க ஆள் கிடைத்துவிட்டால், பண்டிகை முடிந்து தெரு அடங்கிய பிறகு, வீட்டில் எல்லோருக்கும் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வரும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஃபாஸ்டராக அழைத்து வாருங்கள். அப்படி ஆள் கிடைக்கவில்லை என்றால், அந்த வாரங்களில் எடுத்த நல்ல படத்தையும் குறிப்பையும் காப்பகத்திடம் கொடுத்து, தரைத்தள வீடு உள்ள யாருக்காவது காட்டச் சொல்லுங்கள்.